குளிர்ப்பாலையில் ஒரு வெயில் நிலம்

கடுங்குளிர் நாட்டில் சூரிய மின்தகடு எவ்வாறு வேலை செய்யும் என்று மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள். தமிழாசிரியனிடம் கேட்கும் வினா அன்று. ஆயினும் லடாக் சென்று வந்தவன் என்பதால் கேட்டாள்.

வெயிலும் வெப்பமும் ஒன்றல்ல என்பதை அங்குச் செல்பவர் முதல் நாளிலேயே உணர்வர். முகம் வெயிலில் கன்றிப்போகும். நிழலிலுள்ள கால்விரல்களோ மரத்துப்போகும். மின்தகட்டுக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. தகட்டின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் மின்திறன் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைகிறது. லடாக்கில் குளிர்காற்றே தகட்டைத் தணிக்கிறது. காற்றுமண்டலம் மெலிந்தது, முகிலும் அரிது. லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான்.

லே–மணாலி நெடுஞ்சாலையில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 4,600 மீட்டர் உயரத்தில் பாங் என்னும் இடம் உள்ளது. லடாக்கில் அமையவுள்ள 13 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திட்டத்துக்கான மின்தடத்துக்கு 2023 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பாங்கிலிருந்து இமாச்சலப் பிரதேசம், பஞ்சாப் வழியாக அரியானாவின் கைத்தல் வரை செல்லும் தடம் உட்பட, திட்டத்தின் மின்தடங்கள் மொத்தம் 713 கிலோமீட்டர். மதிப்பீடு 20,773 கோடி ரூபாய். மெலிந்த காற்று தகட்டுக்கு நன்மை, மின்மாற்றிக்கு அன்று. வெப்பத்தை வெளியேற்றவும் மின்பொறி தாவாமல் தடுக்கவும் காற்றுக்கு அடர்த்தி வேண்டும். எனவே சமவெளிக் கருவிகளை அப்படியே அங்கு நிறுத்த இயலாது. பத்துப் படி ஏறியதும் மூச்சிரைத்து நின்ற நான், அங்கே குழிதோண்டித் தூண் நடவேண்டியவர்களை எண்ணிப் பார்த்தேன்.

பாங்கைச் சுற்றியுள்ள நிலத்தைத் தரிசு என்பர். எனக்கு அச்சொல்லின்மேல் எப்போதுமே ஐயம் உண்டு. உழவன் கண்ணுக்கு உழாத நிலமெல்லாம் தரிசுதான். சாங்பா என்னும் மேய்ச்சல் மக்களுக்கோ அது வாழ்நிலம். நாம் பாலை எனக் காண்பது அவர்களுக்கு முல்லை. யாக், செம்மறி ஆகியவற்றோடு பஷ்மினா தரும் வெள்ளாட்டையும் அவர்கள் வளர்க்கின்றனர். உறையும் குளிரைத் தாங்கவே அவ்வாட்டின் உடலில் அந்த மென்மயிர் அடர்கிறது. பருவத்துக்கொரு நிலமாக அவர்கள் இடம்பெயர்வர். பனிக்காலத்துக்கென ஒதுக்கிய புல்வெளியில் கோடையில் மேய்ப்பதில்லை. எந்த மந்தை எங்கே செல்ல வேண்டும் என்பதைக் கோபா எனப்படும் ஊர்த்தலைவர் வகுப்பார். இவ்வொழுங்குக்குப் பட்டா இல்லை, வேலியும் இல்லை. அதனால், கோடையில் வந்து அளப்பவர் கண்ணுக்கு, பனிக்காலத்துக்கெனக் காத்துவைத்த புல்வெளி ஆளில்லா நிலமாகவே தோன்றும்!

ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் நிலம் வேண்டும். 1,000 மெகாவாட் சேர்ந்தது ஒரு கிகாவாட். எவ்வளவு நிலம் வேலிக்குள் போகும் என்பதை மாணவர்களே கணக்கிடலாம். நிலக்கரியைக் குறைக்க இம்மின்சாரம் தேவை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சில நாடுகளில் தகட்டு வரிசைகளுக்கிடையே செம்மறிகளை மேயவிடுகின்றனர். வெள்ளாடு அவ்வாறு அடங்காது. தகட்டின்மேல் தாவும், மின்கம்பியைக் கடிக்கும். பஷ்மினா தருவதோ வெள்ளாடு. ஆகவே மந்தைகள் கடக்கும் வழிகளை விட்டே வேலி அமைய வேண்டும். அவ்வழிகள் எவை என்பதை அறிய, அளப்பவர்கள் தை மாதப் பனியிலும் ஒருமுறை கோபாவுடன் அந்நிலத்தில் நடந்து வர வேண்டும்.