முந்நீர் வழக்கம்

பொருள் தேடிக் கடல் கடக்கும் தலைவன் பெண்ணை உடன் அழைத்துப் போகும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். அந்த நூற்பாவைப் பதினாறு ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். தலைவன் போவான், தலைவி காத்திருப்பாள். நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். என் ஆயா கடல் கடந்தவள் என்பது அப்போதெல்லாம் நினைவுக்கே வரவில்லை.

போன ஆண்டு மாணவிகளோடு தனுஷ்கோடிக்குப் போனேன். ரயில் நிலையம் இருந்த இடத்தில் கூரையில்லாத சுவர்களும் மணலும்தான் மிச்சம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் 'போட் மெயில்' ஏறியவர்கள் இங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு சேர்ந்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை ஆட்களோடு விழுங்கியது. அதன்பின் இந்தப் பாதையை மறுபடி போடவில்லை. ராமேஸ்வரமே கடைசி நிலையம் ஆனது.

"இந்த வழியா யாரு மேடம் போயிருப்பாங்க? வியாபாரிங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். அப்போதுதான் ஆயாவின் குரல் எனக்குக் கேட்டது.

1930களில், ஏழு வயதில், விருத்தாசலத்தில் ரயிலேறிக் கங்காணியின் பின்னால் போன குடும்பம் அவளுடையது. மண்டபம் முகாமில் நிறுத்தி ஊசி போட்டார்கள். பிறகு தனுஷ்கோடி. "அம்மா தலையில மூட்டை, இடுப்புல தம்பி. நான் முந்தானையப் புடிச்சிக்கிட்டே கப்பல் ஏறினேன்" என்பாள். மலையகத்தில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தாள். ஆணைவிடக் குறைந்த கூலி. அதையும் தாத்தாதான் கைநீட்டி வாங்குவார். தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி 1984-இல்தான் வந்தது. அதற்குள் அவள் ஊர் திரும்பியிருந்தாள்.

1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. எங்கள் வீட்டின் முறை எழுபதுகளில் வந்தது. அவள் புறப்பட்டுப் போன நிலையம் அப்போது இல்லை. ராமேஸ்வரத்தில் இறங்கினாள். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்குப் பிசிறு சுரண்டிக் கடைசிவரை கஞ்சி குடித்தாள்.

தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது. முதலில் தாத்தா பெயர். அதன் கீழே ஆயா, 'மனைவி'. அப்பாவும் "எங்கப்பா சிலோன்ல சம்பாதிச்சவர்" என்றுதான் சொல்வார். முனைவர் பட்டம் வாங்கிய நானும் அதைத் திருத்தியதில்லை. காத்திருந்த தலைவியைப் பக்கம் பக்கமாக எழுதிய எனக்கு, கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவளைக் கேட்க ஒரு கேள்வி கிடைக்கவில்லை.

இந்த ஆண்டும் அந்த நூற்பாவை நடத்தினேன். முடித்துவிட்டு, "உங்க வீட்டுல கடல் தாண்டிப் போன பொம்பளைங்க யாராவது உண்டா?" என்று கேட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது. கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள்.

"எங்கம்மா குவைத்துல வீட்டு வேலை பாக்குறாங்க மேடம். ஆறு வருஷமாச்சு. இங்க யாருகிட்டயும் சொன்னதில்ல."

உட்காரச் சொல்லவில்லை. அம்மாவைப் பற்றி இன்னும் சொல்லச் சொன்னேன். அன்று மற்றவர்கள் எழுதிக்கொண்டது அவள் சொன்னதை.