பருவமழைக்கு முன் ஒரு பட்டியல்

2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 செ.மீ. மாவட்டமே மூழ்கும் இரவில் தீயணைப்பு நிலையத்தை அழைப்போர் பலர், படகுகளோ சில. எந்த முடுக்கில் படகு நுழையும் என்பது வெளியூரிலிருந்து வரும் மீட்பு வீரருக்குத் தெரியாது, உள்ளூராருக்கே தெரியும்.

பள்ளிவாசலைத் திறந்து சோறாக்கிப் பரிமாறுவதில் நம் ஜமாஅத்துகள் தேர்ந்தவை (நோன்புக் கஞ்சி தந்த பயிற்சி போலும்). நடமாட இயலாதோர் எவ்வெவ்வீட்டில் உள்ளனர் என்னும் பட்டியல்தான் பெரும்பாலும் இருப்பதில்லை. எங்கள் மஹல்லாவில் இவ்வாண்டு அதனை எழுதத் தொடங்கினோம். முதல் தெருவிலேயே தனித்து வாழும் மூதாட்டியர் ஐவர், பிள்ளைகளோ வளைகுடாவில்.

அப்பட்டியலை மழைக்கு முன்னரே நிலைய அலுவலரிடம் ஒப்படைப்போம். பேரிடர் நாளில் அவரோடு பேச ஒருவரை மட்டும் மஷூரா செய்து நியமித்துள்ளோம். பத்துப் பேர் ஒரே வீட்டிற்குப் படகு கேட்டால் அடுத்த தெரு இருளில் காத்திருக்குமே. கைப்பேசி செயலிழந்தால் செய்தி கொண்டுசெல்ல இரு இளைஞர்களும் ஆயத்தம்.