மல்லாட்டையும் மனிதனும்

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பெருமை உண்டு. காஞ்சிபுரத்துக்குப் பட்டு; மதுரைக்கு மல்லிகை; திருநெல்வேலிக்கு அல்வா. திண்டிவனத்துக்கு வடக்கே, சென்னை - விழுப்புரம் இருப்புப்பாதையின் ஓரத்தில் இருக்கும் நமது ஒலக்கூருக்கு என்ன பெருமை என்று யாரேனும் கேட்டால், நாம் சற்றும் யோசியாமல் "மல்லாட்டை" என்று விடை பகர்வோம். சென்னைவாசிகள் இதனை வேர்க்கடலை என்பார்கள். தெற்கத்தியார் நிலக்கடலை என்பார்கள். பெயர் எதுவாயினும், கொல்லையிலிருந்து செடியோடு பிடுங்கி, மண் மணம் போகுமுன் உப்புப் போட்டு அவித்த மல்லாட்டைக்கு ஈடான பட்சணம் தேவலோகத்திலும் இராது என்பது நமது ஜில்லாவாசிகளின் திடமான அபிப்பிராயம். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கிய விதை ரகங்கள், "டி.எம்.வி." என்று அந்த ஊரின் பெயரையே தாங்கிப் பல பிரதேசங்களிலும் விளைந்திருக்கின்றன என்பதை நினைக்கும்போது, நமது மார்பு ஓர் அங்குலமாவது விரியத்தான் செய்கிறது.

ஆனால் இந்த மல்லாட்டையின் ஜாதகத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை வெளியாகிறது. மல்லாட்டை என்பது "மணிலாக் கொட்டை" என்பதன் மரூஉ. மணிலா, பிலிப்பைன் தீவுகளின் தலைநகர். அதுவும் இதன் பிறந்தகம் அன்று; பூர்வீகம் தென் அமெரிக்கா. சங்கப் புலவர் எவரும் இதைக் கொறித்ததில்லை. ராஜராஜ சோழனின் அரண்மனையில் யாரும் இதை அவித்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்ஸ் தேசத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆனபோதுதான் தென்னாற்காட்டுப் புன்செய்களை இது நிறைத்தது. கணக்குப் பார்த்தால் இது நேற்று வந்த அந்நியன். எனினும், "உன் தகப்பன் எந்த மண்ணில் முளைத்தான்? உன் பாட்டனுக்குப் பிறப்புச் சீட்டு உண்டா?" என்று யாரும் இதைக் கேட்டதில்லை. மண் ஏற்றுக்கொண்டது, மனிதர் உண்டார்கள், ஊர்ப் பெருமையாகிவிட்டது.

ஒரு கடலைக்குக் கிடைத்த இந்த மரியாதை மனிதனுக்குக் கிடைத்ததா என்பதே நாம் இங்கே யோசிக்க விரும்பும் விஷயம்.

நமது பக்கத்திலிருந்து கடல் கடந்து போனவர்களின் கதை சிறிதன்று. 1860-ஆம் வருஷம் சென்னையிலிருந்து புறப்பட்ட "ட்ரூரோ" என்னும் கப்பல், நவம்பர் 16-ந் தேதி தென் ஆப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நாதால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற் கூட்டம் அது. 1911 வரையில் இந்த ஏற்றுமதி நடந்தது. தென்னாற்காடு, வடவாற்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்காரர்கள் அவர்களில் அநேகர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே குடித்தனம் செய்ய ஆசைப்பட்டவர்களுக்கு வருஷத்துக்கு 3 பவுன் தலைவரி என்று 1895-ல் நாதால் சர்க்கார் சட்டம் செய்தது. "உழைக்க வா, வாழ வராதே" என்பதே அந்த வரியின் பொழிப்புரை. காந்தியடிகளின் தலைமையில் ஆணும் பெண்ணும் சிறை புகுந்த பிறகு, 1914-ல்தான் அது ஒழிந்தது.

அக்கரைக்குப் போனவர்களில் இன்னும் பெரிய கூட்டம் இலங்கைக்குச் சென்றது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஓடிய "போட் மெயில்" நமது ஒலக்கூர் வழியாகத்தான் போயிற்று. ரயிலில் தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று பிரயாணம் முடிந்துவிடும். அதற்கு முந்திய தலைமுறைக்கு இந்தச் சௌகரியம் இல்லை. கங்காணியின் பின்னால் மன்னாரிலிருந்து மலைநாடு வரையில் காட்டு வழியே நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மாண்டவர் பலர். முதலில் காப்பி, அது நோய் கண்டு அழிந்தபின் தேயிலை. மலைச்சரிவுகளில் இன்று பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும் தோட்டங்கள் அவர்கள் கையால் உண்டானவை. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு: தேயிலையும் அந்தத் தீவுக்கு வந்தேறிய செடியே. செடி இலங்கையின் பெருமையாயிற்று. அதை நட்டவன்?

1948 பிப்ரவரி 4-ந் தேதி இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. வமிசத்தினால் பிரஜை என்று ஆவதற்கு, ஒருவனுடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தைக்கு ஜனனப் பதிவு யார் செய்தார்கள்? 1947 தேர்தலில் வோட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளைச் சட்டசபைக்கு அனுப்பியவர்கள், சுமார் 7 லட்சம் பேர், ஒரு கையெழுத்தினால் நாடற்றவர் ஆனார்கள். இதை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து விலகிய செல்வநாயகம் அவர்கள் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

மறு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது தர்மமன்று. மலைநாட்டுச் சிங்களக் குடியானவர்களுக்கு மெய்யான ஒரு மனக்குறை இருந்தது. அவர்களுடைய காட்டையும் சேனை நிலத்தையும் வெள்ளைக்கார சர்க்கார் தரிசு என்று பெயரிட்டுத் தோட்டத் துரைமாருக்கு விற்றது. பர்மாவிலும் அப்படியே. 1930-க்குப் பின் வந்த விலைவீழ்ச்சியில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு நமது லேவாதேவிக்காரர் கைக்குப் போயிற்று. நிலம் இழந்தவன் கோபம் கொள்வது இயற்கைதான். ஆனால் நிலத்தை விற்ற அதிகாரி எட்டாத உயரத்தில் இருந்தான்; கைக்கு எட்டிய இடத்தில் இருந்தவன் கூடை சுமக்கும் கூலி. 1930 மே மாதத்து ரங்கூன் கலகத்தில் அடிபட்டவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்குத் தொழிலாளர்களே.

1964 அக்டோபர் 30-ந் தேதி சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கையிலிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். 1974-ல் அந்த எஞ்சியவர்களையும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணன் தம்பிகள் பாத்திரம் பண்டங்களைப் பாகம் பிரிப்பதைப் பார்த்திருக்கிறோம். மனிதர்களை இவ்விதம் பாகம் பிரித்ததற்கு உலக சரித்திரத்தில் உதாரணங்கள் அதிகம் இரா. ஒப்பந்தம் ஆன இரண்டு மாதத்துக்குள் புயல் வந்து தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. திரும்பி வந்தவர்கள் இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களைப் பதிந்துகொண்டது மண்டபம் முகாம். ஒரு காலத்தில் கூலிகளாகப் போனவர்களை நோய்ப் பரிசோதனைக்காக நிறுத்தி வைத்த இடமும் அதுவே. 1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாக வந்தவர்களை ஏற்ற இடமும் அதுவே. தமிழனுடைய போக்கையும் வரவையும் அந்த மணல்வெளி அறிந்ததுபோல் வேறெதுவும் அறியாது.

திரும்பி வந்தவர்களில் ஒரு மூதாட்டி நமது தெருவில் வசிக்கிறார். ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்து, 1970-களில் புருஷனுடன் வந்தவர். தாத்தா இந்தப் பக்கத்துக்காரர் என்ற ஒரே ஆதாரத்தை நம்பி இங்கே வந்து சேர்ந்தார்கள். வந்த புதிதில் அவர் கடைக்குப் போய், "கச்சான் இருக்கா?" என்று கேட்டாராம். இலங்கையில் மல்லாட்டைக்குக் கச்சான் என்று பெயர். கடைக்காரர் விழித்தார், நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அங்கே எங்களை இந்தியாக்காரன், கள்ளத்தோணின்னு சொன்னாங்க தம்பி. யாழ்ப்பாணத்துத் தமிழ் ஆளுங்களிலேயே சிலபேர் தோட்டக்காட்டான்னு சொன்னாங்க. கப்பலை விட்டு இறங்கினதும் சிலோன்காரியாயிட்டேன். மூணு மணி நேரக் கடல்; அதுக்குள்ளே பேர் மாறிப்போச்சு" என்றார்.

"ஆயா, இப்போது உங்களுக்கு எது சொந்த ஊர்?" என்று கேட்டோம்.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "என் புள்ளைங்க பொறந்தது இங்கே. எங்க அம்மாவைப் பொதைச்சது அங்கே. இதிலே எதை விடச் சொல்றீங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

நமக்கு விடை தெரியவில்லை. தேசாபிமானத்தைப் பற்றிப் பெரியோர் செய்த பிரசங்கங்கள் பலவற்றைக் கேட்டிருக்கிறோம்; இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. சொந்த நாடு என்பது தஸ்தாவேஜில் இருப்பதன்று. யாரைப் பெற்றோம், யாரைப் புதைத்தோம், எந்த மண்ணில் வியர்வை சிந்தினோம் என்பதில் இருக்கிறது. பர்மாவில் 1964-ல் கடைகளையும் தொழில்களையும் தேசீயமயமாக்கியபோது கப்பலேறித் தாய்நாடு வந்த தமிழர்களில் சிலர், இங்கே மனம் ஒட்டாமல் மறுபடி பர்மாவுக்கே போய்விட எண்ணி, மணிப்பூர் வழியாக எல்லைக்குச் சென்றார்கள். எல்லையில் தடுத்துவிட்டார்கள். முன்னே போகவும் முடியாமல், பின்னே வரவும் மனமில்லாமல், மோரே என்ற எல்லையூரில் குடியேறிக் கோயிலும் தமிழ்ச் சங்கமும் வைத்துக் கொண்டார்கள். நீலகிரியில், தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-ல் நமது சர்க்கார் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளை இன்றும் "சிலோன்காரர்" என்றே அழைக்கிறார்கள்.

இலங்கை செய்த அநீதியைச் சொல்லும்போது நமக்கு இரத்தம் கொதிக்கிறது, கொதிக்க வேண்டியதுதான். அந்நாட்டுப் பார்லிமெண்டும் 55 வருஷங்கள் கழித்து, 2003-ல், எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கிச் சட்டம் செய்தது. ஆனால் நமது வீட்டுக்குள் பார்ப்போம். 1983 முதல் வந்த அகதிகளுக்காகத் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. நமது ஜில்லாவிலேயே கீழ்ப்புத்துப்பட்டில் ஒன்று உண்டு. 2021-ல் அவற்றுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று நல்ல பெயர் சூட்டினார்கள். எனினும் 1987 ஜூலை 1-ந் தேதிக்குப் பின் இங்கே பிறந்த குழந்தை பிறப்பால் பிரஜையாக வேண்டுமானால், பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாய் இருந்தாக வேண்டும் என்பது நமது சட்டம். ஆகவே தமிழ்நாட்டு மண்ணில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, வேறு நாட்டைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள் அகதிகளாகவே வளர்கிறார்கள். "தகப்பன் எங்கே பிறந்தான்?" என்று கொழும்பு கேட்டபோது நமக்குக் கசந்த கேள்வி, டில்லி கேட்கும்போது இனிக்குமா?

சட்டத்தை விடுங்கள், தெருவுக்கு வருவோம். கட்டட வேலைக்காக வடக்கேயிருந்து ஒரு தொழிலாளி மனைவியோடு வந்து நமது தெருவில் அறை தேடினான். பாஷை தெரியாது, எங்கிருந்தோ வந்தவர்கள், நாளைக்கு ஏதாவது நேர்ந்தால் யாரைக் கேட்பது என்று வீடு வீடாகக் கதவு சாத்தியது. சிலோன்கார ஆயாதான் தம் வீட்டுப் பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். வாடகையை மட்டும் ஒரு காசு குறைக்கவில்லை!

"இவர்கள் வந்து நம் பிள்ளைகளின் வேலையைப் பறிக்கிறார்களே!" என்று நமது தெரு இளைஞர் ஒருவர் நம்மிடம் ஆத்திரப்பட்டார். அவருடைய கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தால் உள்ளூர்த் தொழிலாளிக்கு நஷ்டம் என்பது மெய். ஆனால் கூலியைக் குறைத்தவன் வடக்கேயிருந்து வந்தவனா, அவனை அழைத்துவந்த காண்டிராக்டரா? பழைய கங்காணிதான் பெயர் மாறி வந்திருக்கிறான். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று இருவரும் சேர்ந்து கேட்டால் இருவருக்கும் க்ஷேமம். ஒருவரையொருவர் முறைத்துக் கொண்டால் காண்டிராக்டருக்கு மட்டுமே க்ஷேமம். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவி, பீகார் சர்க்கார் ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். வதந்தி பொய்யாயிற்று, நமது மானம் தப்பியது. ஆனால் வதந்தி பொய்யானால் மட்டும் போதாது. நமது தெருக் கதவும் திறந்திருக்க வேண்டும்.

நாட்டின் பெருமை, பழைய கல்வெட்டுக்களிலும் கோபுரங்களிலும் மட்டும் இல்லை. நம்மவர் நாதாலிலும் ரங்கூனிலும் ஹட்டனிலும் எந்த நியாயத்தைக் கேட்டார்களோ, அந்த நியாயத்தை நம்மிடம் வந்தவர்களுக்கு நாம் கேளாமலே கொடுப்பதில் இருக்கிறது. அப்படிக் கொடுத்தால்தான் அக்கரையில் இருக்கும் நம்மவருக்காக நாம் பேசும் பேச்சுக்குப் பலம் உண்டாகும். இந்தத் தெருவில் கேட்கும் ஒவ்வொரு கடுஞ்சொல்லும் அங்கே நம்மவர்மேல் வீசுவதற்கு நாமே எடுத்துக் கொடுக்கும் கல்.

ஆயாவின் வீட்டில் குடியிருக்கும் அந்தப் பெண் இப்போது தண்ணீர்க் குழாயடியில் "தள்ளுங்க அக்கா" என்று சண்டை பிடிக்கிற அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று கேள்வி. உரிமையோடு சண்டை போடுகிறவரை ஊரார் அந்நியர் என்று எண்ணுவதில்லை.