காதோர நரை

சினிமாவில் ஒரு நடிகைக்கு வயதாவது கொண்டையில்தான் தொடங்குகிறது. அதுவரை விரித்த கூந்தல், தளர்ந்த பின்னல், தோளில் புரளும் சுருள் என்று பார்த்துப் பழகிய தலைக்கு, ஒரு நாள் நடுவகிடு எடுத்து, வழித்துச் சீவி, பின்கழுத்தில் கொண்டை போடச் சொல்வார்கள். காதோரம் கொஞ்சம் வெள்ளை. "அம்மா கேரக்டர்க்கா" என்று அசிஸ்டென்ட் டைரக்டர் வந்து சொல்லிவிட்டுப் போவார். என்ன வயது அம்மா, என்ன வேலை பார்க்கிற அம்மா, எந்த ஊர் அம்மா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஹீரோவுக்கு அம்மாக்கா."

நான் ஹேர் டிரஸ்ஸர். நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் பெண்கள் தலைமுடியைத்தான் தொடலாம். முகம் ஆண்களின் வேலை. மேக்கப் கலைஞர் என்ற சங்க அட்டை பெண்களுக்குக் கிடைக்காது. மேக்கப் கலைஞர் சாரு குரானா தொடுத்த வழக்கில், 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் எனக்குச் சீப்பும் கொண்டை ஊசியும் கைப்பழக்கம் ஆகிவிட்டன. முடியோடேயே இருந்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு பெண்ணின் வயதைத் திரையில் தீர்மானிப்பது முகத்தைவிட முடிதான் என்பதை அருகிலிருந்து பார்க்க முடிந்தது.

நரை போடுவது லேசான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளை ஸ்டிக்கை எடுத்துக் காதுக்கு மேலே இரண்டு இழுப்பு இழுத்தால் அம்மா தயார் என்பது பழைய வழக்கம். பிலிமில் அது ஓரளவு ஒப்பேறியது. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு அந்த வெள்ளை சுண்ணாம்பு மாதிரித் தெரிகிறது. சில லைட்டில் நீலமடிக்கிறது. நிஜ நரை பட்டையாக வராது. காதோரத்தில் நாலு முடி, வகிட்டின் முன்பக்கம் ஏழெட்டு முடி என்று சிதறித்தான் தொடங்கும். கறுப்பு முடி எண்ணெய்க்குப் படியும். நரைத்த முடி பலருக்குப் படியாது, தனியாக எழும்பி நிற்கும், லைட்டை வாங்கும். அதனால் நான் பழைய டூத் பிரஷ்ஷில் கலரைத் தொட்டு, அதிகம் உள்ளதைத் துடைத்துவிட்டு, வேரிலிருந்து இழை இழையாகத் தொடுவேன். பிறகு அந்த இழைகளை மட்டும் விரலால் கொஞ்சம் கலைத்துவிடுவேன். மே மாத அவுட்டோரில் வேர்வையோடு வெள்ளை இறங்கி ஜாக்கெட் கழுத்தில் படியும். ஷாட்டுக்கு ஷாட் பக்கத்திலேயே நிற்க வேண்டும். காட்சிகளை முன்பின்னாக எடுப்பதால், அந்த நரையின் அகலம் மாறாமல் இருக்க ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும்.

நரையைவிட வயதைச் சொல்வது வகிடு. வருஷக்கணக்கில் இறுக்கிப் பின்னிய பெண்களுக்கு வகிடு அகன்றிருக்கும். நெற்றியின் இரு ஓரமும் ஏறியிருக்கும். கனத்த ஜிமிக்கி போட்டுப் போட்டுக் காதுத் துளை நீண்டிருக்கும். மாட்டல் இல்லாமல் தோடு தலைகுப்புறத் தொங்கும். டை அடிக்கிறவர்களுக்கு வகிட்டோரம் நகக்கண் அளவுக்கு வெள்ளை எட்டிப் பார்க்கும். மருதாணி போடுகிறவர்களுக்கு நரைத்த இழை மட்டும் செம்பட்டையாக நிற்கும். ஒரு பெண் எப்படி வாழ்ந்தாள், எந்த மாதம் வரை தன்னைக் கவனித்துக்கொள்ள நேரமிருந்தது, எப்போது விட்டுவிட்டாள் என்பதெல்லாம் அந்தத் தலையில் எழுதியிருக்கும். இதையெல்லாம் செய்து காட்ட எங்களுக்குத் தெரியும். கேட்கிறவர்கள் குறைவு.

இப்படி நான் ஒரு தலைக்கு வெள்ளை தொட்டுக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், பக்கத்துக் கேரவனில் ஹீரோவின் தலைக்கு வேலை நடந்துகொண்டிருக்கும். முன்நெற்றியில் பேட்ச் ஒட்டுவார்கள். மீசைக்கும் தாடிக்கும் கறுப்பு ஏற்றுவார்கள். அவருக்கு ஐம்பத்தைந்து, என் நாற்காலியில் இருப்பவருக்கு ஐம்பது. இரண்டு பேரும் பத்தரை மணிக்கு ஒரே ஃப்ரேமில் மகனும் தாயுமாக நிற்க வேண்டும். அவருக்குக் குறைக்கிற வயதை இவருக்குக் கூட்டினால்தான் அந்த ஃப்ரேம் நம்பும்படி இருக்கும். அம்மாவின் நரையும் ஹீரோவின் மேக்கப்பில் ஒரு பகுதிதான். பல வருஷம் இந்த வேலையைச் செய்தபின் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம் இது.

ஸ்ரீவித்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1953-இல் பிறந்தவர். 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் பைரவி. அதில் அவருடைய கணவராக வந்து அறிமுகமானவர் 1950-இல் பிறந்த ரஜினிகாந்த். 1991-இல் 'தளபதி'யில் அதே ரஜினிக்கு ஸ்ரீவித்யா அம்மா. இடையில், 1989-இல், 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் தன்னைவிட ஒரு வயது இளையவரான கமலுக்கு மனைவியாகவும், இரட்டைப் பிள்ளைகளாக வந்த கமலுக்குத் தாயாகவும் நடித்தார். சுஜாதா 1952-இல் பிறந்தவர். 1977-இல் 'அவர்கள்' படத்தில் ரஜினியின் மனைவி. 2002-இல் 'பாபா'வில் அம்மா. லட்சுமியும் 1952 தான். 1981-இல் 'நெற்றிக்கண்' படத்தில் மனைவி. 1999-இல் 'படையப்பா'வில் அம்மா. மூன்று பேரும் ரஜினியைவிட இளையவர்கள். மூன்று பேரும் முதலில் மனைவி, பிறகு தாய்.

இதை ஒரு நடிகரின் குறையாக யாரும் படிக்க வேண்டாம். வழக்கம் அவருக்கு முந்தியது. 'பராசக்தி'யில் சிவாஜிக்கு ஜோடியாக வந்த பண்டரிபாய், 1969-இல் 'தெய்வமக'னில் ஒரு சிவாஜிக்கு மனைவி, இரண்டு சிவாஜிகளுக்குத் தாய். பெரிய நடிகைகள் இவர்கள். 'தளபதி'யில் ரயில் சத்தம் கேட்டு ஸ்ரீவித்யாவின் கண் போகிற போக்கை எந்த மேக்கப்பும் செய்துவிட முடியாது. அந்த வேடங்களை அவர்கள் அற்புதமாகச் செய்தார்கள் என்பதாலேயே, அந்த ஏற்பாடு சரியானது என்று நாம் எல்லாரும் பழகிவிட்டோம்.

'அபூர்வ ராகங்கள்' பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயதில் மூத்த பெண்ணை ஓர் இளைஞன் காதலிக்கிறான் என்று அந்தக் காலத்திலேயே துணிந்து எடுத்த படம். இயக்குநர் பாலசந்தரை அதற்காக எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் வளர்ந்த மகளுக்குத் தாயான அந்தப் பைரவியாக நடித்தபோது ஸ்ரீவித்யாவுக்கு வயது 22. மகளாக வந்த ஜெயசுதாவுக்கு 16. மூத்த பெண்ணின் காதலைச் சொல்லத் துணிந்த படத்துக்குக்கூட மூத்த பெண் ஒருத்தி கிடைக்கவில்லை. மறு வருஷம் 'மூன்று முடிச்சு'. அதில் ரஜினிக்குச் சித்தியாக வந்த ஸ்ரீதேவிக்குப் பதின்மூன்று வயதுதான்.

நல்ல மேக்கப் இருந்தால் இதில் என்ன தப்பு, நடிப்பு என்பதே அதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1996-இல் 'இந்தியன்' படத்துக்கு ஹாலிவுட்டிலிருந்து மைக்கேல் வெஸ்ட்மோர் வந்தார். கமல் சேனாபதி ஆனார். இருபதுகளில் இருந்த சுகன்யா, கிழவி அமிர்தவல்லி ஆனார். தொழில்காரியாக அந்த வேலையைப் பார்த்து வியந்தவள் நான். ஆனால் கமலுக்கு அதே படத்தில் சந்துருவாக இளமையும் இருந்தது, மனீஷா கொய்ராலாவும் ஊர்மிளாவும் இருந்தார்கள். கிழவராக நடித்த நடிகர் அடுத்த படத்தில் காதலனாகத் திரும்பி வருவார். ஒருமுறை கொண்டை போட்டுக்கொண்ட நடிகைக்குத் திரும்பி வரும் வழி மிகவும் குறுகியது. ஒரு அம்மா வேடம் செய்தால் அடுத்து வருகிற பத்து கதையும் அம்மாவாகவே வரும் என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். 'காக்கா முட்டை'யில் இரண்டு பையன்களுக்குத் தாயாக நடிக்க ஐஸ்வர்யா ராஜேஷ் ஒப்புக்கொண்டபோது அவருக்கு இருபதுகளின் நடு. அந்தத் துணிச்சலை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். பலருக்கு அந்தத் துணிச்சல் வராததற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

காரணம் வியாபாரம்தான். படம் விலை போவது ஹீரோ பெயரில். கதையும் அவருக்காகவே எழுதப்படுகிறது. அறுபது வயது ஹீரோவின் பக்கத்தில் ஐம்பத்தைந்து வயது நடிகையை மனைவியாக நிறுத்தினால், பார்க்கிறவர் ஹீரோவுக்கு அறுபது என்று கணக்குப் போட்டுவிடுவார். அதற்காகத்தான் இருபத்தைந்து வயதுப் பெண்ணைத் தேடுகிறார்கள். 1984-இல் 'அன்புள்ள ரஜினிகாந்த்' படத்தில் குழந்தையாக நடித்த மீனா, 1993-இல் 'எஜமா'னில் அதே ரஜினிக்கு ஜோடி. 2014-இல் 'லிங்கா'வில் சோனாக்ஷி சின்ஹாவுக்கும் ஹீரோவுக்கும் 36 வருஷத்துக்கு மேல் இடைவெளி. இந்த இடைவெளியைப் பற்றித் தியேட்டரில் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அதே தியேட்டரில் ஒரு பழைய கதாநாயகி கொஞ்சம் சதை போட்டு வந்தால் போதும், "ஐயோ, என்ன இப்படி ஆயிட்டா" என்ற குரல் கேட்கும்.

அந்தக் குரல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிறது. முதல் கொண்டை போடும் நாளில் பெரும்பாலான நடிகைகள் அதிகம் பேச மாட்டார்கள். கண்ணாடியைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் சொன்னார்: "வெள்ளை அடிக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. எங்கம்மாவுக்கும் இந்த வயசுல நரைச்சிருந்தது. ஆனா எங்கம்மாவுக்கு அப்போ ஊருல ஆயிரம் வேலை இருந்துச்சு. இந்த அம்மாவுக்கு சாப்பாடு போடறதைத் தவிர வேற வேலையே எழுதலயே!" அதுதான் உண்மையான குறை. வயதான வேடம் என்பதில் அவமானம் எதுவும் இல்லை. வயதோடு வர வேண்டிய வாழ்க்கையை எழுதாமல் விடுவதுதான் அவமானம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 வயதில் பிள்ளை பெற்றவளுக்கு, அந்தப் பிள்ளை காலேஜ் முடிக்கும்போது 43 வயது. நம் தெருவில் அந்த வயதுப் பெண்கள் டை அடித்திருக்கிறார்கள், ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள், குளித்த ஈரத்தோடு கிளிப்பில் முடியை அள்ளிக் குத்திக்கொண்டு ஆபீசுக்கு ஓடுகிறார்கள். சண்டை போடுகிறார்கள், கடன் வாங்குகிறார்கள், காதலிக்கவும் செய்கிறார்கள். அவர்களைத் திரையில் காட்ட எனக்கு வெள்ளை ஸ்டிக்கே தேவையில்லை.

கதவு முழுக்க மூடியிருக்கிறது என்று சொன்னால் பொய்யாகும். பெரிய திரை விட்டதைச் சின்னத்திரை பிடித்துக்கொண்டது; 1999-இல் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியபோது, முப்பத்தைந்தைக் கடந்த பெண் ஒருத்தியை வீடு வீடாக உட்கார்ந்து பார்த்தார்கள். ஆனால் இன்று சீரியல்களிலும், மருமகளைவிடச் சில வயதே மூத்த பெண்ணுக்கு மாமியார் நரை தொட்டு அனுப்புகிறோம். சினிமாவில் '36 வயதினிலே' வந்தது. 'ப. பாண்டி'யில் ரேவதியின் தலையில் இருந்த நரை ஒரு காதலியின் நரை. 'காலா'வில் ஈஸ்வரி ராவின் செல்வி, வளர்ந்த பிள்ளைகளுக்கு முன்னால் கணவனோடு சண்டையும் போட்டு, கொஞ்சலையும் வாங்கிக்கொண்டாள். ஜனங்கள் அவளைக் கொண்டாடினார்கள். 'ஜெயில'ரில் ரஜினியின் மனைவியாக ரம்யா கிருஷ்ணன் வந்தார், வளர்ந்த மகனும் இருந்தான், படம் பெரிய வெற்றி. ஹீரோவின் வயது தெரிந்தால் படம் ஓடாது என்று இனியும் யாரும் சொல்ல முடியாது. 'ஜெ. பேபி'யில் ஊர்வசி ஒரு முழுப் படத்தையும் தாங்கினார்.

எழுதுகிறவர்களுக்கும் இயக்குகிறவர்களுக்கும் ஒரு ஹேர் டிரஸ்ஸராக என் வேண்டுகோள் இது. ஸ்கிரிப்ட்டில் "அம்மா" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அவள் பெயர் என்ன, எந்த வருஷம் பிறந்தாள், காலையில் எத்தனை மணிக்கு எழுந்து எங்கே போகிறாள் என்று எழுதுங்கள். அந்த வயதுள்ள நடிகையையே கூப்பிடுங்கள். இருக்கிறார்கள், நன்றாக நடிப்பவர்கள், வேலைக்குக் காத்திருக்கிறார்கள். அவருக்குச் சொந்த நரை இருந்தால் விட்டுவிடுங்கள், நாங்கள் அதற்கு ஏற்ற மாதிரிச் சீவிக்கொள்கிறோம். பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களுக்குப் பிடித்த பழைய கதாநாயகி அடுத்த முறை திரையில் வரும்போது, அவருக்கு எத்தனை வயதாகிவிட்டது என்று பேசுவதற்கு முன், அவரோடு டூயட் பாடியவருக்கு இப்போது என்ன வயது என்று ஒருமுறை பாருங்கள்.