தகரக் கப்பல்

இரு விலாவிலும் பெரிய சக்கரங்கள் சுழல, நீரை அறைந்துகொண்டு செல்லும் பழைய நீராவிக் கப்பலின் படம் சிறு பிராயத்திலேயே நம் மனத்தைக் கவர்ந்துவிட்டது. அப்படி ஒன்றைத் தகரத்தில் செய்து குளத்தில் ஓட்டவேண்டும் என்ற சபலம் நாற்பது வயதுக்கு மேல், உபாத்தியாயர் என்ற கௌரவத்துக்குச் சற்றும் பொருந்தாத விதத்தில், நமக்கு உண்டாயிற்று. மாணாக்கர் நால்வர் துணைக்கு வந்தார்கள். நீராவிக்குப் பதில் சிறு மின்மோட்டார் போதும் என்று தீர்மானித்தோம்.

பழைய எண்ணெய் டின்களை வெட்டி விரித்தோம். நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 10, உயரம் 7. முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகே தகரத்தில் கத்தரி வைத்தோம். இந்த ஒரு விஷயத்திலாவது புத்தியாக நடந்துகொண்டோம். அடித்தகட்டின் ஓரத்தை அரை சென்டிமீட்டர் மேலே மடித்து, பக்கத் தகடுகளை அதன்மேல் படியவைத்துப் பற்றவைக்க வேண்டும். முன்முனை வளைகிற இடத்தில் மடிப்பு சுருக்கம் விழும். சிறு சிறு வெட்டுகள் கொடுத்தால்தான் படியும். பற்றவைப்போ நமக்குக் கைவரவில்லை. ஈயம் முத்து முத்தாக உருண்டோடியது. மாணாக்கரில் ஒருவன், கடைத்தெருவில் தகரவேலை செய்பவரின் மகன், நம் கையிலிருந்த கோலை மரியாதையாக வாங்கிக்கொண்டான்.

"தகரம் சூடாகணும், ஸார். அப்புறம் ஈயம் தானே ஓடும்" என்றான். தேய்த்து, நவச்சாரம் தடவி, ஒரே இழுப்பில் மூட்டை முடித்தான்.

கணக்கு நம் பொறுப்பு. சக்கரத்தின் அச்சு அடித்தகட்டிலிருந்து ஆறரை சென்டிமீட்டர் உயரத்தில். சக்கரத்தின் ஆரம் 4. கப்பல் 4 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் துடுப்புப் பலகைகள் ஒன்றரை சென்டிமீட்டர் நீரில் தோயும். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் என்று இருபது வருஷமாகப் பாடம் சொல்லிவருகிறோம். அறுபதைப் பத்தாலும் நாலாலும் பெருக்கி, 2,400 கிராம் என்று கரும்பலகையில் எழுதினோம். மோட்டார் முதலியவற்றோடு கப்பல் 800 கிராம். மிச்சத்துக்கு மணல் நிரப்பினோம்.

கோயில் குளத்தில் விட்டதும் சக்கரங்கள் அளவுக்கு மேல் நீருள் ஆழ்ந்து திணறின. அச்சுத் துவாரம் வழியாகத் தண்ணீர் தெறித்து உள்ளே புகுந்தது. பத்து கஜம் போவதற்குள் கப்பல் முழுகிவிட்டது. அத்தனை பேர் முன்னிலையில், "உன் பற்றுதான் ஒழுகிவிட்டது" என்று அந்தப் பையனைக் கடிந்துகொண்டோம். அவன் பதில் பேசாமல் இடுப்பளவு நீரில் இறங்கி அதை எடுத்துவந்தான். வகுப்பில் அதற்குள் நீர் ஊற்றி வைத்துப் பார்த்தால், வெளியே ஒரு சொட்டுக் கசிவில்லை.

"முனை கூம்பியிருக்கிறதே, ஸார், பெட்டியாகக் கணக்குப் போட்டோமே?" என்றான் வெகு தாழ்ந்த குரலில்.

சக்கரக் கப்பலின் சங்கடமே இதுதான். அதிகம் அமிழ்ந்தாலும் ஆகாது, அதிகம் மிதந்தாலும் ஆகாது. பம்பாய்த் துறையில் வாடியா குடும்பத்தார் கட்டிய 'ஹியூ லிண்ட்ஸே' 1830 மார்ச் 20-ல் சூயெஸுக்குப் புறப்பட்டது. கட்டிய கைகள் நம் தேசத்துக் கைகள் என்பதைச் சொல்ல நமக்குப் பெருமையே. ஐந்தரை நாளுக்கான நிலக்கரிதான் அதில் கொள்ளும். ஏடன் சேரவோ 11 நாள் பிடித்தது. ஆகவே கண்ட இடத்திலெல்லாம் கரியைத் திணித்து, பின்புறம் நீர்மட்டத்தைத் தொடும்படி கிளம்பினார்கள். கரி எரிய எரியக் கப்பல் உயரும். சக்கரம் தோயும் அளவும் நாளுக்கு நாள் மாறும். அலையில் சாய்ந்தாலோ ஒரு சக்கரம் முழுகும், மற்றொன்று காற்றில் சுழலும். நீருக்குள்ளேயே இருக்கும் திருகு விசிறிக்கு இந்தத் தொல்லை குறைவு.

மறுமுறை அந்தப் பையனே மணல் போட்டான். கப்பலின் பக்கத்தில் கோடு கிழித்து, தொட்டியில் மிதக்கவிட்டு, நீர் கோட்டைத் தொடும்வரை பிடிபிடியாகப் போட்டான். பிறகு தராசில் வைத்தோம்: 1,650 கிராம். அன்று மாலை கப்பல் குளத்தின் அக்கரை போய்ச் சேர்ந்தது.

மறுநாள் வகுப்பில் நுழைந்தபோது நம்முடைய 2,400 கரும்பலகையில் அழியாமல் இருந்தது. எல்லார் முன்னிலையிலும் அதை நாமே அழித்து, பிசகு யாருடையது என்பதையும் சொன்னோம். அவன் தலை நிமிராமல் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.