கொழும்பில் ஒரு கார் பார்க்கும் படலம்

பெண் பார்க்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிடுவார்கள். பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று கிளம்பிவிடுவார்கள். பழைய கார் பார்ப்பது அத்தனை சுலபமல்ல. கொழும்பு நகரத்தில் ஒரு வாரம் தங்கி இந்த உண்மையைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன்.

கொழும்பில் வெள்ளவத்தை என்று ஒரு பகுதி. ஒரு பக்கம் ஓயாமல் இரையும் காலி வீதி, மறுபக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். புடவைக் கடைகளையும் காதில் விழும் தமிழையும் வைத்துப் பார்த்தால் நம் ஊர்க் கடைவீதிதானோ என்று தோன்றும். அங்கேதான் என் பெரியம்மா மகள் குடித்தனம் செய்கிறாள். அத்தான் யாழ்ப்பாணத்துக்காரர். நான் போய் இறங்கிய அன்று வீட்டில் பலத்த விவாதம் நடந்துகொண்டிருந்தது.

அத்தான் ஆசைப்பட்டது 2013-ஆம் வருஷத்து டொயோட்டா அக்வா. பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் 'ஹைபிரிட்' வண்டி. அக்கா பிடிவாதம் பிடித்தது நம் நாட்டில் தயாரான மாருதி ஆல்ட்டோ 800. வெறும் பெட்ரோல் வண்டி, சின்ன எஞ்சின், சிக்கனத்துக்குப் பேர்போனது. விலையிலும் அக்வாதான் உசத்தி. இதற்காக அக்காவின் தங்கக் காப்பு ஒரு ஜோடி ஏற்கனவே கைமாறியிருந்தது. ஆகையால் இது வெறும் கார் விவகாரம் அல்ல, சகோதரிகளே!

"நீர் விளங்காமல் கதைக்கிறீர்" என்றார் அத்தான். "2022-ஐ மறக்கேலுமே? பெற்றோலுக்கு வரிசையில் நிண்டு கால் வீங்கினது எனக்குத்தான் தெரியும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசியப் பணிகளுக்குத் தவிர வேறு யாருக்கும் இலங்கையில் பெட்ரோல் விற்பதையே நிறுத்தினார்கள். பிறகு பங்கீடு வந்தது. ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லிட்டர். அந்த நாளில் ஒரு லிட்டரில் கூட நாலு கிலோமீட்டர் ஓடும் வண்டி வைத்திருந்தவர் பாக்கியசாலி அல்லவா?

இலங்கையில் ஹைபிரிட் வண்டிகள் பெருகியதற்கு ஒரு கதை உண்டு. ஜப்பானிலும் இலங்கையிலும் சாலையின் இடதுபக்கம்தான் போக வேண்டும். எனவே ஜப்பானியர் ஓட்டிக் கழித்த கார்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தால் அப்படியே ஓட்டலாம். ஹைபிரிட் வண்டிகளுக்கு ஒரு காலத்தில் இறக்குமதி வரியிலும் சலுகை கிடைத்தது. வந்து குவிந்தன! அப்புறம் 2020 மார்ச்சில், அந்நியச் செலாவணி முடையால் வாகன இறக்குமதியையே நிறுத்தினார்கள். சொந்த உபயோகத்துக்கான கார்கள் மறுபடி வர 2025 ஆயிற்று. இடைப்பட்ட ஐந்து வருஷத்தில் பழைய கார்களுக்கு வந்த மவுசைக் கேட்க வேண்டாம். ஆனால் மவுசு ஏறினாலும் வயது குறையுமா? அந்த வண்டிகளின் பாட்டரிக்கும் வருஷா வருஷம் வயது ஏறிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் அக்கா என்னைப் பஞ்சிகாவத்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொழும்பில் மோட்டார் உதிரிப் பாகங்களுக்குப் பெயர்போன இடம் அது. கதவு, கண்ணாடி, விளக்கு, எஞ்சின் என்று ஒரு காரையே அங்கு துண்டு துண்டாக வாங்கி விடலாம். ஒரு பட்டறையில் மெக்கானிக் ஒருவர் ஏதோ ஒரு வண்டியின் ஹைபிரிட் பாட்டரியைப் பிரித்துப் போட்டிருந்தார். புத்தக அலமாரியில் புத்தகங்களை நிறுத்தினாற்போல வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டைகள். அக்வாவில் இப்படி 20 இருக்குமாம். எல்லாம் சேர்ந்து 144 வோல்ட்.

"ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றக் கூடாதா?" என்று கேட்டேன்.

"மாற்றலாம் அம்மா. மற்றதெல்லாம் அதே வயசுதானே?" என்று சிரித்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். இற்றுப்போன பட்டுப்புடவைக்கு ஒட்டுப் போட்டவர்களுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் புரியும். ஒட்டுப் போட்ட இடம் நிற்கும். பக்கத்து இடம் கிழியும்!

மூன்றாம் நாள் பிரயாணம். பக்கத்து வீட்டுக்காரர் அக்வாவை வாடகைக்கு ஓட்டுகிறவர். "ஏறிப் பார்த்துவிட்டுப் பேசுங்கோ" என்று எங்களை நுவரெலியாவுக்கு அழைத்துப் போனார். கொழும்பு நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது திடீரென்று சத்தமே இல்லை. கார் நின்றுவிட்டதோ என்று திடுக்கிட்டேன். நிற்கவில்லை; எஞ்சின் ஓய்வெடுக்க, மோட்டார் இழுத்துக்கொண்டிருந்தது! பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேமித்து, அதையே செலவு செய்யும் வித்தை இது. நின்று நின்று போகும் நகரத்துச் சாலைதான் இந்த வண்டிக்குப் பிறந்த வீடு.

சாலையோரத்தில் முந்திரிப் பருப்பு விற்கும் பெண்களைக் கடந்து, கடுகண்ணாவையில் மலையேறி, கம்பளை வழியே றம்பொடை அருவியை அடைந்தோம். அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களினூடே ஒரே ஏற்றம். இங்கே எஞ்சின் மற்ற வண்டிகளைப் போலவே மூச்சு வாங்கியது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். இறங்கும்போது லாபம் கொட்டும் என்று அத்தான் காத்திருந்தார். லபுக்கலைத் தோட்டம் தாண்டுவதற்குள்ளேயே பாட்டரி நிரம்பிவிட்டது! அதற்குமேல் மலை தரும் சக்தியை வாங்கி வைக்க இடமில்லை. குடம் சின்னது, மழை பெரிது. என்ன செய்வது?

அன்றிரவு அக்கா நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். நெரிசலில் ஹைபிரிட் லிட்டருக்கு 20 கிலோமீட்டர், ஆல்ட்டோ 15 என்று வைத்துக்கொண்டாள். தினம் 120 கிலோமீட்டர் ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் மிச்சம். புதுப் பாட்டரிக்கான பணத்தை அந்த மிச்சத்திலிருந்தே சேர்த்துவிடலாம். இவர்கள் வீட்டிலோ அத்தான் கோட்டைக்கு ஆபீஸ் போவது கடலோர ரயிலில். கார் போகப் போவது பள்ளிக்கூடத்துக்கும், மாமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும்தான். பன்னிரண்டு கிலோமீட்டர். மிச்சம் கால் லிட்டருக்கும் குறைவு!

"ஓடாத நாளிலும் பாட்டரிக்கு வயது ஏறும். ஒருநாள் மொத்தமாகப் பணம் கேட்கும். அன்றைக்கு விற்க என்னிடம் காப்பு இல்லை" என்றாள் அக்கா, குரலை உயர்த்தாமல்.

அத்தான் தாளை இரண்டு தடவை படித்தார். "ஓம், சரிதான்" என்றார்.

பழைய ஹைபிரிட் வாங்க உத்தேசித்திருப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் கருவியை மாட்டிப் பாட்டரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றத்தாழ்வு இருந்தால் விலகிவிடுங்கள். பின் ஸீட்டின் ஓரத்தில் பாட்டரிக்குக் காற்றுப் போகும் சிறு வழி இருக்கும். அது தூசியடைத்திருந்தால் பாட்டரி சூட்டில் வெந்திருக்கிறது என்று அர்த்தம். வாங்கிய பிறகும் புடவைப் பையையோ குழந்தையின் துண்டையோ போட்டு அதை மூடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தினம் எத்தனை தூரம், எந்தச் சாலையில் ஓட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். கார் விற்பவர் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

நான் புறப்பட்ட அன்று ஆல்ட்டோ வீட்டுக்கு வந்துவிட்டது. மாமி முன் ஸீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். மிச்சப் பணத்தில் அக்கா ஒரு காப்பை மீட்டுவிட்டாள்.

"மற்றது?" என்று கேட்டேன்.

"மெதுவாக வரும். அதற்கு அத்தானுடைய ரயில் சீட்டு இருக்கிறதே!" என்றாள்.