நடுராத்திரிப் பாட்டும் விடிந்தபின் கேட்ட கேள்வியும்

பாடுகளைச் சகிப்பதுதான் விசுவாசம் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்குள் வராதபோதும், கல்லறைத் தோட்டத்தில் எங்கள் பிணங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கப்பட்டபோதும், தாலுகா அலுவலகத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டபோதும் எங்களுக்குக் கிடைத்தது ஒரே பதில்தான்: பொறுத்துக்கொள்ளுங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

இன்று எங்களோடு வேலை செய்யும் மாணவர்கள் நேராகவே கேட்கிறார்கள்: "கேள்வி கேட்கணும்னா விசுவாசத்தை விடணும், விசுவாசம் வேணும்னா வாயை மூடணும். எதை எடுக்கிறது தோழர்?" சோர்ந்துபோய் விசுவாசத்தை விட்டவர்களை நாங்கள் குறை சொல்வதில்லை. ஆனால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கவேண்டும் என்று பைபிள் சொல்லவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்தால் அது தெரியும்.

பிலிப்பி ரோமரின் குடியேற்ற நகரம். அங்கே குறிசொல்லும் ஆவி பிடித்த ஓர் அடிமைப் பெண் இருந்தாள். அவள் சொல்லும் குறியால் எஜமான்களுக்கு நல்ல வருமானம். பவுல் அந்த ஆவியைத் துரத்தியதும் வருமானம் நின்றது. உடனே பவுலையும் சீலாவையும் பிடித்துச் சந்தைவெளிக்கு இழுத்துப்போனார்கள். அங்கே அவர்கள் வைத்த குற்றச்சாட்டில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இவர்கள் யூதர்கள், ஊரைக் கலக்குகிறார்கள், ரோமர்களான நமக்கு ஆகாத வழக்கங்களைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றார்கள். கைநழுவியது லாபம், கூச்சல் போட்டது பண்பாட்டின் பெயரால். கூலி உயர்வு கேட்டவனை ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவன் என்று அடிக்கும் ஊர்களில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

விசாரணை இல்லை. ஆடையைக் கிழித்துப் பிரம்பால் அடித்தார்கள். உட்சிறையில் தள்ளிக் கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நடுராத்திரியில் இருவரும் ஜெபித்துப் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்தப் பாட்டோடும், சிறைக்காவலன் மனந்திரும்பியதோடும் முடிந்துவிடும். அதற்குப் பின்னும் சில வசனங்கள் இருக்கின்றன.

விடிந்ததும் அதிகாரிகள் ஆளனுப்பி இருவரையும் விட்டுவிடச் சொன்னார்கள். பவுல் நகரவில்லை. ரோமக் குடிமக்களான எங்களை விசாரிக்காமல் ஊரறிய அடித்துவிட்டு, இப்போது ஒருவருக்கும் தெரியாமல் அனுப்புவதா, அவர்களே வந்து வெளியே கூட்டிப்போகட்டும் என்றார். அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து கெஞ்சினார்கள். பிறகு பவுலும் சீலாவும் லீதியாளின் வீட்டுக்குப் போய், அங்கிருந்த சகோதரர்களைத் தேற்றிவிட்டுத்தான் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அந்தச் சிறு கூட்டம் அதே ஊரில்தானே தொடர்ந்து வாழவேண்டும்? குற்றவாளிகளின் கூட்டம் என்ற பெயர் அதன்மேல் ஒட்டக்கூடாது. இரவில் பாடிய அதே வாய்தான் காலையில் சட்டம் பேசியது. பாட்டு ஜெபம் என்றால் கேள்வியும் ஜெபம்தான்.

இயேசுவும் இப்படித்தான். அன்னாவின் முன்னால் நின்றபோது ஒரு காவலன் அவரை அறைந்தான். அவர் பேசாமல் இருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் அதை எடுத்துக்காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடித்தாய் என்று கேட்டார். மறுகன்னத்தைப் பற்றி நமக்குப் போதிப்பவர்கள் இந்தக் கேள்வியையும் சேர்த்துப் போதிக்கட்டும்.

ஆனால் பிலிப்பி கதையில் நம் கண் தேடும் ஆள் ஒருத்தி இருக்கிறாள். பவுலிடம் காட்டுவதற்குக் குடியுரிமை இருந்தது. அந்த அடிமைப் பெண்ணிடம் எதுவும் இல்லை. வருமானம் நின்றபின் எஜமான்கள் அவளை என்ன செய்தார்கள் என்று வேதம் சொல்லவில்லை. நாம் அவள் பக்கத்தில் நின்று வாசிக்கிறோம். எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று அடிமைகளுக்குச் சொல்லும் வசனங்களும் இதே பைபிளில் உண்டு என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. அமெரிக்காவின் கறுப்பினச் சிந்தனையாளர் ஹாவர்ட் தர்மன் தன் பாட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். அடிமையாக வாழ்ந்தவர் அவர். எஜமானனின் போதகர் அந்த வசனங்களையே திரும்பத் திரும்பப் பிரசங்கித்ததால், விடுதலைக்குப் பின் பவுலின் நிருபங்களைப் பெரும்பாலும் வாசிக்கவே விடமாட்டாராம். பைபிளை அவர் விடவில்லை. எஜமானன் வாசித்தபடி வாசிக்கத்தான் மறுத்தார்.

இங்கே நம் சட்டத்துக்கு வருவோம். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். பட்டியல் சாதி இடஒதுக்கீடு மட்டுமல்ல, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. மதம் மாறியவனை அடிக்கும்போது சாதி மட்டும் மாறாமல் இருக்கிறது. அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே பரிந்துரைத்தது. இதற்காக மனுக் கொடுப்பதும் தெருவில் நிற்பதும் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பிலிப்பியின் காலைப்பொழுதைக் காட்டுங்கள்.

கேள்வி அரசோடு நின்றுவிடவும் கூடாது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் அந்தப் பந்தியைவிட்டு விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார் என்று கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. பந்தியில் பாகுபாடு வந்தபோது அப்போஸ்தலரையே கேள்வி கேட்டது தொடக்ககாலச் சபை. கல்லறைக்கு நடுவே சுவரை வைத்திருக்கும் சபைகளை நாம் கேட்காமல் யார் கேட்பது?

தம்பி தங்கைகளே, உங்கள் ஊரில் யாராவது பொறுமையைப் பற்றிப் பிரசங்கித்தால் மரியாதையாகக் கேளுங்கள். முடிந்ததும் எழுந்து, அந்த அதிகாரத்தில் மிச்சமிருக்கும் வசனங்களையும் வாசிக்கச் சொல்லுங்கள்.